மூச்சுப் பயிற்சி தொடங்கியாச்சு... மாத்திரையை நிறுத்தலாமா?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் நடந்தால், சுவருக்குச் சுவர் யோகா, தியான வகுப்பு நோட்டீஸ்கள் கண்ணில் படும். கார்த்திகை தீபம் முடிந்து மார்கழி பிறந்துவிட்டால் வெளிநாட்டவர் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். வருகிறவர்கள் எல்லோரும் ஆன்மிகத் தேடலில் வருவதில்லை. தூக்கம் போனவர்கள், துணையை இழந்தவர்கள், காரணமே தெரியாமல் மனம் இருண்டு கிடப்பவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். 'மலையடிவாரத்துல பத்து நாள் உட்கார்ந்தா எல்லாம் சரியாயிடும்' என்று வீட்டாரே அனுப்பிவைப்பதும் உண்டு.

யோகா மனச்சோர்வைக் குறைக்குமா? குறைக்கும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமா? இந்த இரண்டாவது கேள்வியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

சோகம் வேறு, சோர்வு வேறு

பரீட்சையில் தோற்றால் வரும் வருத்தம் நாலு நாளில் வடியும். மனச்சோர்வு அப்படியல்ல. இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய தினமும், மனம் கனத்தே இருக்கும். பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு, பேரன் பேத்தி எதிலும் நாட்டம் இருக்காது. தூக்கம் கெடும், பசி மாறும், 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் குடையும். நம் ஊரில் பலர் இதை 'மனசு சரியில்லை' என்று சொல்வதில்லை. 'ஒரே அசதி', 'தலை பாரமா இருக்கு', 'உடம்பு முடியல' என்றுதான் டாக்டரிடம் போவார்கள்.

அது பொய்யும் அல்ல. மனச்சோர்வு உடம்பையும் பிடிக்கிற நோய். ஆபத்து வந்தால் சுரக்க வேண்டிய கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன், பலருக்கு ஆபத்தே இல்லாதபோதும் அதிகமாகச் சுரந்துகொண்டிருக்கும். அது நீடித்தால் தூக்கமும் எதிர்ப்புச் சக்தியும் பாதிக்கப்படும். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியும் களைத்துப்போகும்.

பெங்களூரு என்ன சொல்கிறது?

யோகாவையும் மனச்சோர்வையும் இந்தியாவில் முறையாக ஆராய்ந்த இடங்களில் முதன்மையானது பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை. அங்கு மனச்சோர்வுள்ள 54 பேரிடம் செய்து, 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் யோகா மட்டும் செய்தவர்கள், யோகாவும் மருந்தும் எடுத்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்கள் என மூன்று பிரிவினர் இருந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட யோகா செய்தவர்களில் அதிகம் பேருக்குக் கார்ட்டிசோல் குறைந்திருந்தது.

அதே நிறுவனம் 2011-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு சுவாரஸ்யமானது. ஆரோக்கியமான 12 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து 'ஓம்' என்று உச்சரிக்கச் சொன்னார்கள். பிறகு வெறுமனே 'ஸ்ஸ்ஸ்' என்று ஒலிக்கச் சொன்னார்கள். 'ஓம்' சொன்னபோது, பயத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் அமிக்டலா உள்ளிட்ட பகுதிகளில் பரபரப்பு அடங்கியது. 'ஸ்ஸ்ஸ்' சொன்னபோது அப்படி நடக்கவில்லை. மூளையிலிருந்து காது, தொண்டை, இதயம், வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பை அந்த அதிர்வு தூண்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். மாலையில் ஆசிரமப் பாராயணத்தைக் கேட்டபடி அமர்ந்திருப்பவர்களின் மூச்சு தானாக நிதானப்படுவதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2007-ல் வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தது. யோகா பழகியவர்கள் ஒரு மணி நேரம் ஆசனம் செய்தபின், மூளையின் பரபரப்பைத் தணிக்கும் 'காபா' என்ற ரசாயனம் 27 சதவிகிதம் கூடியிருந்தது. ஒரு மணி நேரம் புத்தகம் படித்தவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை.

மூச்சுதான் சாவி. மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு குறைகிறது. 'ஆபத்து ஒன்றுமில்லை' என்ற செய்தி உடம்பிலிருந்து மூளைக்குப் போகிறது. மனத்தைக் கட்டளையிட்டு அமைதிப்படுத்த முடியாது, மூச்சை மெதுவாக்க முடியும். ரமண மகரிஷியும் மூச்சைக் கவனிப்பதை மனம் அடங்குவதற்கான ஓர் உதவி என்றுதான் சொன்னார். அதுவே முடிவு என்று சொல்லவில்லை.

மருந்தோடு மல்லுக்கட்டாது

இத்தனையும் உண்மை. ஆனால் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. கடுமையான மனச்சோர்வுடன் மருத்துவமனையில் சேர்ந்திருந்த 45 பேரிடம் நிம்ஹான்ஸ் செய்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சியால் 67 சதவிகிதம் பேர் மீண்டார்கள். இமிப்ரமின் மாத்திரையால் 73 சதவிகிதம், மின் அதிர்வு சிகிச்சையால் 93 சதவிகிதம். மூச்சுப் பயிற்சி மாத்திரைக்குக் கிட்டத்தட்ட இணையாக நின்றது பெரிய விஷயம். ஆனால் அது மருத்துவர்களின் கண்காணிப்பில், மருத்துவமனைக்குள் நடந்தது. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து செய்வதும் அதுவும் ஒன்றல்ல.

மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம், நோயும் திரும்பலாம். நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்படி, படிப்படியாகத்தான்.

மௌனமும் எல்லோருக்கும் ஒத்துவராது. ஏற்கெனவே ஒரே எண்ணத்தில் சுழன்றுகொண்டிருப்பவரைப் பல மணி நேரம் கண்மூடி உட்காரச் சொன்னால், அந்தச் சுழற்சி சிலருக்கு இன்னும் வேகமெடுக்கும். காதில் குரல் கேட்பவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் நீண்ட தியானத்தையும் வேகமான மூச்சுப் பயிற்சிகளையும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கபாலபாதியைத் தவிர்க்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

படுக்கையிலிருந்து எழுவதே மலையாக இருப்பவரிடம் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகச் சொல்லக்கூடாது. காலை வெயிலில் பத்து நிமிட நடை போதும், கூடவே ஒருவர் நடந்தால் நல்லது. பிறகு ஐந்து நிமிடம், நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடலாம். மூச்சை அடக்க வேண்டாம். ஒரு வாரம் பழகியதும் தாடாசனம், மார்ஜாரி ஆசனம், சவாசனம் போன்ற எளிய ஆசனங்களைப் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் கற்கலாம். ஒரு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி வேண்டாம், மறுநாள் தொடரலாம். டாக்டரிடம் 'யோகாவும் செய்யறேன்' என்றும், யோகா ஆசிரியரிடம் 'மாத்திரையும் சாப்பிடறேன்' என்றும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 'மாத்திரையை விட்டால்தான் சொல்லித்தருவேன்' என்கிற ஆசிரியரை அந்த நிமிடமே விட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. 'மனசைத் தைரியமா வெச்சுக்கோ' என்ற அறிவுரையைவிட, 'வா, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்' என்ற அழைப்பு அதிகம் உதவும். 'சாகலாம்போல இருக்கு' என்று ஒருவர் சொன்னால் அதை நாடகம் என்று ஒதுக்காதீர்கள், தனியே விடாதீர்கள், எந்த ஆசிரமத்துக்கும் அனுப்பிவைக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கோ, தமிழக அரசின் 104 எண்ணுக்கோ உடனே பேசுங்கள். டெலி-மானஸ் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.