தண்ணீர் திறந்தால் குறுவைத் திட்டம் முடிந்துவிடுமா?

2025-ம் ஆண்டு வழக்கமான தேதியான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. டெல்டாவில் குறுவைப் பரப்பு கூடியது, விளைச்சலும் நன்றாகவே இருந்தது. ஆனால், அக்டோபரில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலிலும் சாலையோரங்களிலும் நெல் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. மழையில் நனைந்து பல இடங்களில் முளைவிட்டது.

தண்ணீர் வந்தது, விதை கிடைத்தது, மகசூலும் கூடியது. ஒவ்வொரு துறையும் தன் இலக்கை எட்டியதாகச் சொல்ல முடியும். அப்படியானால் திட்டம் எங்கே தோற்றது? துறைகளுக்கு உள்ளே அல்ல. ஒரு துறையின் வேலை முடிந்து அடுத்ததன் வேலை தொடங்கும் இடங்களில்.

திட்ட மேலாண்மையில் இதற்கு ‘அமைப்புச் சிந்தனை’ என்று பெயர். பாகங்களைத் தனித்தனியே பார்க்காமல், அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்ப்பது. அந்தப் பார்வையை வடிவமைப்பாகவும் கால அட்டவணையாகவும் மாற்றுவது ‘அமைப்புப் பொறியியல்’. பெயர்தான் புதிது, விஷயம் நமக்குப் பழக்கமானதே. வயலில் துத்தநாகச் சத்து குறைவாக இருந்தால், எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் நெல் தேறாது. எந்தச் சத்து மிகக் குறைவோ, அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். திட்டங்களுக்கும் இதே விதிதான்.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கொள்முதல் நிலையத்தை நம்பி 1,000 ஏக்கர் குறுவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 40 கிலோ மூட்டை 60 என்றால், மொத்தம் 60,000 மூட்டை. அறுவடை இயந்திரங்கள் 20 நாளில் வேலையை முடித்துவிடும். அதாவது, தினமும் 3,000 மூட்டை வந்து சேரும். நிலையம் நாளொன்றுக்கு 1,000 மூட்டைதான் எடுக்கும் என்றால், இருபதாம் நாள் 40,000 மூட்டை வெளியில் கிடக்கும். அதை எடுத்து முடிக்க இன்னும் 40 நாள் ஆகும். அறுவடை செப்டம்பர் கடைசியில் தொடங்கினால், நவம்பர் கடைசிவரை காத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையோ வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடுகிறது.

இதே கணக்கில், மானியத்தாலும் நல்ல விதையாலும் ஏக்கருக்கு 5 மூட்டை கூடுதலாக விளைந்தால் என்ன ஆகும்? காத்திருப்பு இன்னும் 5 நாள் நீளும். நிலையத்திலிருந்து நெல்லை ஏற்றிச் செல்லும் லாரிகள் தினமும் 700 மூட்டைதான் எடுக்கின்றன என்றால், இடம் நிரம்பியதும் கொள்முதலும் 700-க்கு இறங்கிவிடும்.

இதில் ஒரு நச்சுச் சுழலும் உண்டு. காத்திருக்கும் நெல்லில் பனியாலும் மழையாலும் ஈரப்பதம் ஏறுகிறது. 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். மறுபடியும் காய வைக்க வேண்டும். அதற்குக் களம் வேண்டும். களம் அடைபட்டால் கொள்முதல் இன்னும் மெதுவாகும், காத்திருப்பு இன்னும் கூடும். 2022-லும் 2025-லும் ஈரப்பத வரம்பை 22 சதவீதமாகத் தளர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசிடம் கோரியது. அந்தத் தளர்வு அவசரத்துக்கு உதவும். ஆனால், அது காய்ச்சலுக்கு மாத்திரை போலத்தான்.

சங்கிலியின் அடுத்த முனையையும் பாருங்கள். 2025-ல் ரேஷன் அரிசியில் 100 கிலோவுக்கு 1 கிலோ செறிவூட்டப்பட்ட அரிசி கலக்க வேண்டியிருந்தது. அதற்கான மத்திய ஒப்புதல் தாமதமானதால் அரவை தேங்கியது என்று மாநில அரசு விளக்கியது. யார் மீது தவறு என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அரவை நின்றால் கிடங்கு காலியாகாது. கிடங்கு காலியாகாவிட்டால் லாரி திரும்பாது. லாரி வராவிட்டால் உங்கள் ஊர் நிலையத்தில் தராசு நிற்கும். எங்கோ ஒரு கோப்பு நகராததற்கு இங்கே நெல் முளைக்கிறது.

சரியாகச் செய்த முன்னுதாரணமும் உண்டு. அக்டோபர் 1-ல் தொடங்கும் கொள்முதல் பருவத்தை, 2022 முதல் தமிழகத்துக்குச் செப்டம்பர் 1-க்கு மத்திய அரசு முன்னதாக மாற்றியது. அணை திறக்கும் தேதியையும் கொள்முதல் தேதியையும் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த பலன் அது. அதே பார்வை சாக்கு, லாரி, சுமைதூக்கும் தொழிலாளர், கிடங்கு, உலர்த்தும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் வர வேண்டும்.

அதற்குத் திட்டத்தைக் கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். நடவு முடிந்தவுடன் எந்த ஊரில் எத்தனை ஏக்கர், என்ன ரகம், எப்போது நட்டது என்ற விவரம் வேளாண் துறையிடம் சேர்கிறது. குறுவை ரகங்கள் பெரும்பாலும் 105 முதல் 115 நாளில் முற்றுபவை. ஆகவே, எந்த வாரம் எந்த நிலையத்துக்கு எத்தனை மூட்டை வரும் என்பதை ஜூலை கடைசியிலேயே கணிக்கலாம். அந்தக் கணிப்பை வைத்து லாரி ஒப்பந்தமும் கிடங்கு இடமும் ஆகஸ்டிலேயே முடிவாக வேண்டும். திட்டத்தின் வெற்றியை அளக்க ‘எத்தனை ஏக்கர் சாகுபடி’ என்பதோடு, ‘அறுத்த நெல் கிடங்குக்குப் போக எத்தனை நாள்’ என்ற அளவுகோலும் வேண்டும்.

உங்கள் பங்கும் இருக்கிறது. பக்கத்து வயல்காரர்களோடு பேசி நடவையும் அறுவடையையும் சில நாள் இடைவெளிவிட்டு அமைத்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், ஜூனில் ‘தண்ணீர் எப்போது வரும்’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘அக்டோபரில் எங்கள் நிலையத்திலிருந்து தினமும் எத்தனை லாரி புறப்படும்’ என்றும் கேளுங்கள். நெல் முளைத்த பிறகு கேட்டால் நிவாரணம்தான் கிடைக்கும். முன்னதாகக் கேட்டால் நெல்லுக்கு விலை கிடைக்கும்.