ஏழாம் வகுப்பும் ஆங்கில டியூஷனும்



பள்ளி விட்டு வந்ததும் முகம் கழுவி, காப்பி குடித்து, மறுபடியும் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு டியூஷனுக்குப் புறப்படும் பிள்ளைகளை நம் ஊர்களில் நாள்தோறும் காண்கின்றோம். ஏன் அனுப்புகிறீர்கள் என்று பெற்றோரைக் கேட்டால், “இங்கிலீஷ்தான் சாமி வரமாட்டேங்குது” என்பார்கள்.

‘பிரதம்’ அமைப்பின் ‘ஏசர் 2022’ அறிக்கையில் இரண்டு செய்திகள் உள்ளன. இந்தியக் கிராமப்புறங்களில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிப்போரில் பணம் கட்டி டியூஷன் செல்வோர் 2018-இல் 26.4 விழுக்காடு, 2022-இல் 30.5 விழுக்காடு. அதே 2022-இல், எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்த 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 46.7 விழுக்காடு. 2016-இலும் ஏறக்குறைய இதே நிலைதான். இவ்விரண்டையும் நேராக முடிச்சுப் போட்டுவிட முடியாது. ஆனாலும், பிள்ளைகள் டியூஷனில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தக் கேள்விக்கு இப்போது ஓர் அவசரமும் உண்டு. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில், தமிழகத்தின் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. எழுத்துக் கூட்டக் கற்கும் வயதில் பள்ளியைப் பாராமல் 1, 2, 3-ஆம் வகுப்புகளில் பெயரளவில் இருந்த பிள்ளைகளே 2025-26 கல்வியாண்டில் 6, 7, 8-ஆம் வகுப்புகளுக்கு வந்தவர்கள். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கென வந்தபோது, இவர்களில் மூத்தவர்கள் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்தனர். ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகள் பலரைத் தாங்கிப் பிடித்தன. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரையிலான அரசுப்பள்ளி மாணவர்களுக்கு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் மீட்டுத்தர 2025-இல் அரசு ‘திறன்’ திட்டத்தைக் கொண்டுவந்தது என்றால், குறை எங்கே இருக்கிறது என்பது அரசுக்கும் தெரிந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்தி வைக்காத தமிழகத்தின் முறை இரக்கமுள்ள முறை. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அமைதியாக ஒன்பதாம் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

டியூஷனுக்கு வருவோம். பல இடங்களில் நடப்பது பள்ளி வகுப்பின் மறுபதிப்புதான். இருபது பிள்ளைகள் ஓர் அறையில் அமர்ந்து, கைடில் உள்ள கேள்வி-பதிலை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்கிறார்கள். மறுநாள் தேர்வில் எழுதுகிறார்கள். மதிப்பெண்ணும் வருகிறது. அதே பாடத்தின் நடுவிலிருந்து ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். இதற்கு டியூஷன் எடுக்கும் அக்காமாரைக் குற்றம் சொல்வது நியாயமன்று. பெற்றோர் கேட்பது மதிப்பெண். அவர்கள் தருவதும் அதுதான்.

நம் பிள்ளைகளின் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். ஆங்கிலச் சொற்களின் மேல் பென்சிலால் தமிழில் எழுதியிருப்பார்கள். அந்தக் குழந்தை ஆங்கிலத்தை வாசிக்கவில்லை, தமிழைத்தான் வாசிக்கிறது. கிரிக்கெட் மட்டைக்கும் ‘பேட்’ என்றே எழுதும். முதுகில் தட்டிக்கொடுப்பதற்கும் ‘பேட்’ என்றே எழுதும். ஆங்கிலத்தில் அவை இரு வேறு எழுத்துகள், இரு வேறு ஒலிகள். நம் ‘ப’ இரண்டுக்கும் பொது என்பதால், யாராவது உதட்டைக் காட்டிச் சொல்லித்தராத வரை அந்த வேறுபாடு காதில் விழாது. வாக்கிய அமைப்பும் அப்படியே. நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். “ஐ ஸ்கூல் கோயிங்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அது தமிழின் ஒழுங்கில் ஆங்கிலச் சொற்களை அடுக்குகிறது என்று பொருள். சிரிக்காமல், இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பன்னிரண்டு வயதில் சட்டென்று புரிந்துவிடும். தமிழைப் பேசினால் அபராதம் என்று சொல்லும் டியூஷன்களை நம்மால் புரிந்துகொள்ள முடியவில்லை. கையில் இருக்கும் ஏணியை எதற்குப் பறிக்க வேண்டும்?

ஆகவே நடுநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு உதவ விரும்புவோர், முதல் நாள் ஏழாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வையுங்கள். எழுத்து தெரிகிறதா, சிறு சொல் வாசிக்கிறதா, ஒரு வரி வாசிக்கிறதா என்று பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். அது இரண்டாம் வகுப்புப் புத்தகமாக இருந்தால், அட்டையைக் காகிதம் போட்டு மறைத்துக் கொடுங்கள். அந்த வயதில் வெட்கம் பெரிது. ஒருவருக்கு நான்கைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தினமும் பத்து நிமிடமாவது தானே வாய்விட்டு வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். பிறகு, வாசித்ததைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி பேசட்டும். தவறுகளில் ஒன்றை மட்டும் அன்று திருத்துங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. ஆங்கிலம் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். டியூஷன் முடிந்து வந்த பிள்ளையிடம் எத்தனை மார்க் என்று கேட்பதற்குப் பதிலாக, “இன்றைக்குப் புதிதாக எந்த வரியை வாசித்தாய், அதற்குத் தமிழில் என்ன அர்த்தம்?” என்று கேளுங்கள். வாரக்கணக்கில் பதில் வராவிட்டால், அந்தக் கட்டணம் எதற்குப் போகிறது என்பது உங்களுக்கே விளங்கும்.

கட்டணம் கட்ட முடியாத வீடுகள் நம் அன்பியங்கள் ஒவ்வொன்றிலும் உள்ளன. நம் பங்கு மன்றங்கள் பெரும்பாலான மாலைகளில் பூட்டியே கிடக்கின்றன. கல்லூரியில் படிக்கும் இளையோர் சிலர் வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம் அமர முன்வந்தால், மன்றத்தின் சாவியும் மின்விளக்கும் பங்கின் பொறுப்பு. எந்தச் சமயத்துப் பிள்ளையாயினும் வரட்டும்.