கடனாக வரும் ஊக்கம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இரவெல்லாம் வண்டி ஓட்டிவந்த ஒருவர், ‘எனர்ஜி டிரிங்க்’ எனப்படும் ஊக்க பானம் ஒன்றைக் குடித்துவிட்டு அந்த வளைவுகளைக் கடந்துவிடலாம் என எண்ணினால் அதில் வியப்பில்லை. 20 ரூபாய்க்கே ஒரு புட்டி கிடைக்கும் காலம் இது. ஆனால், அந்த நம்பிக்கை சரியானதுதானா?

இப்பானங்களில் ஆற்றல் தருவது பெரும்பாலும் சர்க்கரைதான். அதை மலையில் விளையும் ஒரு வாழைப்பழமும் தரும். காஃபீன் செய்வது வேறு. நாம் விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. அது செயல்பட வேண்டிய இடத்தைக் காஃபீன் அடைத்துக்கொள்கிறது. எனவே, களைப்பு தீர்வதில்லை, மறைக்கப்படுகிறது. காஃபீனின் வேகம் தணிந்ததும், வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்பதுபோல் தூக்கம் வந்து நிற்கும். ஓட்டுநருக்குத் தேவை உறக்கமே.

மதுவுடன் இதைக் கலந்தால் போதை குறையும் என்பதும் தவறு. போதை குறைவதில்லை, போதையில் இருக்கிறோம் என்ற உணர்வே மங்குகிறது. மலைப்பாதையில் இதைவிட ஆபத்து வேறில்லை.

‘காபியிலும் காஃபீன் இருக்கிறதே’ என்பது அடுத்த வாதம். உண்மைதான். கொல்லிமலையிலேயே காபி விளைகிறது. இந்திய விதிகளின்படி இப்பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். 250 மில்லி புட்டியில் அதிகபட்சம் 75 மில்லிகிராம். ஏறக்குறைய ஒரு குவளைக் காபியின் அளவு. வளர்ந்தவருக்கு எப்போதாவது ஒன்று பெருந்தீங்கல்ல. ஆனால், சிறுவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பதையே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் பாதுகாப்பான அளவாகக் கருதியது. 25 கிலோ எடையுள்ள சிறுவன் ஒரே புட்டியில் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். குழந்தைக்குக் கடுங்காபி கொடுக்கத் தயங்கும் நாம், குளிர்ந்து இனிக்கும் அதே காஃபீனை அவன் கையில் காண்கையில் தயங்குவதில்லை.

‘குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்ததல்ல, நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம்’ என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதி சொல்கிறது. ஆனால், லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. கொல்லிமலைப் பழங்குடிச் சிற்றூரில் வாழும் ஒரு தாய்க்கு, பொடி எழுத்து ஆங்கிலத்தில் தரப்படும் எச்சரிக்கையால் என்ன பயன்?

18 வயதுக்கு உட்பட்டோருக்கு இவற்றை விற்பதை லிதுவேனியா 2014-லும், போலந்து 2024-லும் தடை செய்தன. குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று லேபிளில் ஒப்புக்கொள்ளும் பொருளை அவர்களிடமே விற்க அனுமதிப்பது முரண். விற்பனைக்கு வயது வரம்பும், பளிச்செனத் தெரியும் தமிழ் எச்சரிக்கையும் உடனடித் தேவைகள்.

தினையும் சாமையும் கேழ்வரகும் விளையும் மலை அது. அங்கு உழைத்துக் களைத்து வருபவருக்குக் கூழும் உப்பிட்ட மோரும் தரும் தெம்பு, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனல்ல.