கூட்ஸ் வண்டிக்கு ஒரு பக்கம்



ரயில் மாடல் செய்கிறவர் வீட்டுக்குப் போனால் முதலில் இன்ஜினைத்தான் காட்டுவார். புகைபோக்கி, சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பி, டெண்டரில் குவிந்த கரி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்வார். பின்னால் நிற்கிற நாலைந்து பெட்டிகளைப் பற்றிக் கேட்டால், "அதா, அது சும்மா கூட்ஸு" என்று முடித்துவிடுவார். இந்த இதழ் அந்தச் சும்மா கூட்ஸுக்கானது. நடுப்பக்கத்தில், திருநெல்வேலிப் பக்கம் ஓடிய நாலு சக்கர மீட்டர் கேஜ் மூடிய வேகன் ஒன்றின் வரைபடம் வருகிறது. நீராவி காலத்துச் சரக்கு வேகனை உள்ளபடி செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது கைகொடுக்கும்.

"நாகர்கோவிலிலிருந்து வருகிற பத்திரிகை நம்ம ஊர் வண்டியை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்காரன் வண்டியைப் போடுகிறதே" என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நீராவி இன்ஜின்கள் நாடு முழுக்க ஓடிய காலத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தண்டவாளமே கிடையாது. திருவனந்தபுரம் – கன்னியாகுமரி பாதைக்கு 1972இல் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் ஓடத் தொடங்கியது 1979 ஏப்ரல் 15 அன்று. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிப் பாதை திறந்தது 1981 ஏப்ரல் 8. அதற்குள் சித்தரஞ்சன் தொழிற்சாலை நீராவி இன்ஜின் கட்டுவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

அதற்கு முன்னால் சரக்கு எப்படிப் போயிற்று? 1860இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயில் கொஞ்சம் படகேறியது. குளச்சல் துறையில் கொஞ்சம் கப்பலேறியது. மிச்சமெல்லாம் மாட்டு வண்டியும் பிறகு லாரியும்தான். கோட்டாறு கம்போளத்துச் சரக்கு எதுவானாலும், ரயிலேற வேண்டுமென்றால் கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் மேற்கே திருவனந்தபுரத்துக்கு. எந்தப் பக்கம் போனாலும் எழுபது எண்பது கிலோமீட்டர்.

இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். திருநெல்வேலிக்கு 1876இல் மணியாச்சியிலிருந்து கிளைப்பாதை வந்தது, மீட்டர் கேஜ். செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிக் கொல்லத்துக்குப் போன பாதை 1904. அதுவும் மீட்டர் கேஜ். கொல்லத்திலிருந்து 1918இல் திருவனந்தபுரம் சாக்கைக்கு நீண்டு, 1931இல் தம்பானூருக்கு வந்ததும் அதே கேஜில்தான். திருவனந்தபுரத்தில் அகலப்பாதை வந்தது 1976இல். ஆகவே அன்றைய நாஞ்சில் நாட்டுக்காரர் கிழக்கே போய் ஏறினாலும் மேற்கே போய் ஏறினாலும் அவர் பார்த்தது மீட்டர் கேஜ் வண்டியைத்தான். நம் மண்ணில் போட்ட தண்டவாளமோ முதல் நாளிலிருந்தே அகலப்பாதை. அந்தக் காலத்து வேகன் ஒன்றுகூட நம் தண்டவாளத்தில் நிற்க முடியாது, சக்கரம் உட்காராது.

அதனால்தான் "நாகர்கோவில்" என்று மஞ்சள் பலகை வைத்து, பக்கத்தில் மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினும் பத்து வேகனும் நிறுத்திய மாடலைப் பார்க்கிறபோது எனக்கு ஒப்புவதில்லை. பேரப்பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாகச் செய்தால் சந்தோஷம், நானும் சேர்ந்து விசில் ஊதுவேன். உள்ளபடி செய்தேன் என்று சொல்லிக்கொண்டால் மட்டும்தான் வழக்கு. நாஞ்சில் நாட்டின் நீராவி காலத்தைச் செய்ய ஆசைப்படுகிறவர் ஒரு திருநெல்வேலி கூட்ஸ் ஷெட்டைச் செய்யட்டும். மேடையின் ஒரு பக்கம் வேகன், மறுபக்கம் ஆரல்வாய்மொழி தாண்டி வந்த லாரி, நடுவே கருப்பட்டிச் சிப்பமும் கயிற்றுச் சுருளும். நம் ஊர் அந்தக் காட்சியில் லாரியோடு வந்து நிற்கிறது. எனக்கு அது போதும்.

சரி, வேகனுக்கு வருவோம். உள்ளபடி செய்வதில் முதல் தகராறு சக்கரத்திலேயே தொடங்குகிறது.

உலகம் முழுக்க அதிகம் விற்கும் மாடல் அளவு 1:87. அதற்குரிய தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 16.5ஐ 87ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 1,435 வரும். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கேஜ். நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். கடையில் வாங்கிய தண்டவாளத்தில் நம் அகலப்பாதை வேகனை வைத்தால், மேலே உடம்பு சரியாக இருந்தாலும் கீழே கால்கள் கிட்டத்தட்ட 3 மி.மீ. ஒடுங்கி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. முன்னாலிருந்து பார்த்தால் மறைக்க முடியாது.

மீட்டர் கேஜுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. 1,000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்து மலை ரயில்களும் மீட்டர் கேஜ் என்பதால், அவற்றின் மாடல்களுக்காக 12 மி.மீ. தண்டவாளம் தயாராகவே விற்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. நம் முன்னோர் ரயிலேறிய கேஜ் மாடலுக்கும் தோதாக அமைந்துவிட்டது.

சக்கரத்தின் குறுக்களவும் இப்படித்தான். மீட்டர் கேஜ் வேகன் சக்கரம் 725 மி.மீ.; மாடலில் 8.3. அகலப்பாதைச் சக்கரம் 1,000 மி.மீ.; மாடலில் 11.5. கடையில் எளிதாகக் கிடைக்கும் அமெரிக்க வேகன் சக்கரம் 33 அங்குலத்தின் சிறு வடிவம், 9.6 மி.மீ. அதை வாங்கி மாட்டினால் மீட்டர் கேஜ் வேகன் எம்பி நிற்கும், அகலப்பாதை வேகன் குனிந்து நிற்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சிக்கனம்தான், ஆனால் வேகனின் நிற்பே மாறிப்போகிறது.

அடுத்தது முகப்பு. நீராவி காலத்து அகலப்பாதை வேகனின் இரு முனையிலும் இரண்டிரண்டு பஃபர் உண்டு, நடுவில் திருகிப் பூட்டும் ஸ்க்ரூ கப்ளிங். மீட்டர் கேஜ் வேகனுக்குப் பக்கத்து பஃபர் கிடையாது. நடுவில் ஒரே பஃபர், அதன் மேலேயே கொக்கி. வேகன் செய்து பழகுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இங்கிலாந்து வேகன் படத்தைப் பார்த்து நாலு பஃபர் ஒட்டிவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் அந்த நாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரேக் குழாயையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நீராவி காலத்தில் இங்கே வேகன்களில் இருந்தது வேக்குவம் பிரேக். முனையில் தொங்கும் ரப்பர் குழாய் ஒன்றுதான். 1980களில் பெருகிய காற்று பிரேக் வேகன்கள் சிலவற்றில் இரண்டு குழாய் தொங்கும். இரட்டைக் குழாய் வேகனை நீராவி இன்ஜினுக்குப் பின்னால் கோத்தால் வெளியாள் கவனிக்க மாட்டார். கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் வந்து பார்த்தார் என்றால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வேகன் மேல் எழுதியிருக்கும் எழுத்து. இன்ஜினில் எண் இருக்கும், பெயர் இருக்கும். வேகனிலோ ஒரு சின்ன ஜாதகமே இருக்கும். எந்த ரயில்வேக்குச் சொந்தம், என்ன வகை, எண் என்ன, காலி எடை எத்தனை, எத்தனை டன் ஏற்றலாம், பழுது பார்க்கப் பணிமனைக்கு எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும். பக்கவாட்டில் சிறு கம்பிச் சட்டம் ஒன்றில் காகிதச் சீட்டு செருகியிருக்கும். புறப்பட்ட நிலையம், போய்ச் சேர வேண்டிய நிலையம் அதில் இருக்கும். அந்தச் சீட்டைச் செய்யாத மாடலுக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

இந்த எழுத்துதான் ஆண்டைக் கட்டிப்போடுகிறது. தெற்கு ரயில்வே என்ற அமைப்பே 1951 ஏப்ரல் 14 அன்றுதான் பிறந்தது. அதற்கு முன் நம் பக்கத்தில் ஓடியது தென்னிந்திய ரயில்வே. ஆகவே 1948ஆம் ஆண்டுக் காட்சி என்று சொல்லிவிட்டு வேகனில் 'எஸ்.ஆர்.' என்று எழுதினால் கதை கெட்டது. மறுபுறம், 1951 ஏப்ரல் 15ஆம் தேதி காலையில் எல்லா வேகனும் புதுப் பெயரோடு விழித்தெழுந்திருக்காது. பணிமனைக்குப் போகிறபோதுதானே பெயின்ட் மாறும்? எனவே 1952ஆம் ஆண்டுக் காட்சியில் பழைய எழுத்து மங்கிய வேகன் ஒன்றைப் புது எழுத்து வேகன்களுக்கு நடுவே நிறுத்துகிறவர் விஷயம் தெரிந்தவர்.

அமெரிக்காவில் இந்தக் கலையை வெகுதூரம் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே வேகனைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடி எடை போட்டு, எடை போட்ட ஊரின் குறியையும் மாதத்தையும் ஆண்டையும் அதன் மேலேயே எழுதுவது வழக்கம். நீராவி கால வேகன் செய்கிறவர்கள் "1950கள்" என்று மொத்தமாகச் சொல்வதோடு நிற்பதில்லை. ஒரு மாதத்தை, ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அந்த எடைத் தேதி அதற்குப் பிந்தியதாக இருந்துவிடக் கூடாது என்று கவனித்து எழுத்து ஒட்டுகிறார்கள். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஊரின் ஒரு மாதத்தை இவ்வளவு அக்கறையாக யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

வேலைப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. 20 மி.மீ. ரிவெட் தலை 1:87இல் 0.23 மி.மீ. ஆகும். மெல்லிய பித்தளைத் தகட்டின் பின்புறம் மழுங்கிய ஊசியால், அளவுகோல் பிடித்துச் சீராக அழுத்தினால் முன்புறம் எழும்பும். ஒன்று வரிசை தப்பினால் கண் அங்கேயே போய் நிற்கும், அதனால் தகட்டைத் தூர எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவதே நிம்மதி. இரும்புத் தகட்டின் கனத்தை அப்படியே சுருக்க முடியாது. 3 மி.மீ. தகடு மாடலில் 0.03 மி.மீ., காகிதத்தைவிட மெல்லிசு. கதவின் ஓரத்தை மட்டும் உட்பக்கமாகச் சீவிவிட்டால் மெல்லிசாகத் தெரியும். முப்பரிமாண அச்சு வந்த பிறகு ஆக்சில் பாக்ஸும் பட்டை ஸ்பிரிங்கும் செய்வது சுலபமாகிவிட்டது. ரிவெட்டுக்கு நான் இன்னும் ஊசிக் கட்சிதான்.

பெயின்ட் அடித்தபின் அழுக்கு. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கறுப்பைக் கரைத்து எல்லா வேகன் மேலேயும் ஒரே மாதிரி ஊற்றிவிடுகிறார்கள். அழுக்கு சரக்கைப் பொறுத்தது. தூத்துக்குடி உப்பு ஏற்றிய வேகனில் கதவுக்குக் கீழே துரு அரித்திருக்கும். தாழையூத்தில் 1949 முதல் சிமென்ட் ஆலை நடக்கிறது. அந்தச் சிமென்ட் மூட்டை ஏறிய வேகனில் கதவு இடுக்கெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். திருச்செந்தூர்ப் பாதையில் ஓடியதென்றால் தேரிக்காட்டுச் செம்மண் தூசி சக்கரத்தை ஒட்டியிருக்கும். இன்ஜினை அடுத்து நின்ற வேகனின் கூரையில்தான் புகைக்கரி கனமாக இருக்கும். வேகன் என்ன ஏற்றியது என்று தெரியாமல் தூரிகையை எடுக்காதீர்கள்.

இப்போது நாகர்கோவில் சந்திப்புக்கு வருகிற சரக்கு ரயிலையும் ஒருநாள் போய்ப் பாருங்கள். தெலங்கானாவிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் ரேஷன் அரிசி வந்து இறங்குகிறது. லாரியில் ஏறிப் பள்ளிவிளைக் கிட்டங்கிக்குப் போகிறது. திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நாடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம், இன்றைக்கு நமக்கு அரிசி எட்டுச் சக்கர வேகனில் வருகிறது. வயலெல்லாம் வீட்டு மனையான கதையை நூறு கட்டுரை எழுதிப் புரியவைப்பதைவிட, அந்த மூட்டை இறக்கும் காட்சியை யாராவது மாடலாகச் செய்தால் சீக்கிரம் புரிந்துவிடும். நீராவி காலம்தான் வேண்டும் என்பதில்லை. 1981க்குப் பிறகு சில ஆண்டுகள் திருநெல்வேலியில் நம் அகலப்பாதையும் மதுரைப் பக்கத்து மீட்டர் கேஜும் ஒரே நிலையத்தில் இருந்தன. இரண்டு அளவு வேகன்களையும் ஒரே பலகையில் நிறுத்த அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

நேரில் அளக்க விரும்புகிறவர்கள் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் உள்ள சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்கும் திருச்சி ரயில் பாரம்பரிய மையத்துக்கும் போகலாம். மீட்டர் கேஜ் வண்டிகளைத் தொடும் தூரத்தில் பார்க்க முடியும். மாடல் ரயில் எந்த அளவுக்குப் போகும் என்று பார்க்க ஆசையிருந்தால் புனேயில் ஜோஷி குடும்பத்தார் 1998இல் திறந்த மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: டேப்பை எடுத்துக்கொண்டு யார்டுக்குள் இறங்கிவிடாதீர்கள். அனுமதியின்றி நுழைவது ரயில்வே சட்டப்படி குற்றம், அதோடு சரக்கு வண்டி பின்னோக்கி நகரும்போது சத்தமே கேட்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய மீட்டர் கேஜ் வேகன் எங்காவது கிட்டங்கியாகவோ காவல் அறையாகவோ கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். வீட்டு ஆல்பத்தில் தாத்தா நிற்கிற கூட்ஸ் ஷெட் படம் இருக்கலாம். அனுப்பி வையுங்கள், தாத்தாவை மறைக்காமல் பின்னால் உள்ள வேகனை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறோம். படத்தோடு ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். வேகனை நீங்களே படம் எடுத்தால் இரண்டு பக்கமும் எடுங்கள். கைப்பிரேக் கம்பி இருக்கிற பக்கமும் இல்லாத பக்கமும் வேறு வேறாக இருக்கும், நமக்கு இரண்டும் வேண்டும். அடுத்த இதழில் கார்டு பெட்டியின் வரைபடம் வருகிறது.

அன்புடன்,
ஆசிரியர்