பிள்ளை யார் சொத்து?

தாய் தகப்பனுக்குள் மனஸ்தாபம் வந்தவுடன், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு தேசத்திற்குப் போய்விடுவது, அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேறிய நம்மவர்களுக்குள்ளும் நடந்து வருகிறது. கேட்டால் "என் பிள்ளை, கொண்டுவந்தேன்" என்கிறார்கள். பிள்ளை என்ன ஆடா மாடா, ஓட்டிக்கொண்டு வருவதற்கு?

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? பெண்ணை வயலென்றும், விளைவு வயலுக்குடையவனுக்கென்றும் சொன்ன மனுதர்மத்திலிருந்து வந்தது. 1956ஆம் வருஷத்து இந்து மைனர் சட்டமும் முதலில் தகப்பன், அவனுக்குப் பிறகு தாய் என்றே எழுதிற்று. "பிறகு" என்றால் அவன் செத்த பிறகு என்று மாத்திரம் அர்த்தமல்ல என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல 1999 வரையில் ஆயிற்று!

நிற்க, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஜோசியனிடம் ஓடுகிறார்கள். மை போட்டுப் பார்க்கிறார்கள். மை போடுகிறவனுக்கு விமானத்தை நிறுத்தத் தெரியுமா? செய்யவேண்டியது வேறு. சந்தேகம் தட்டியவுடனேயே, வசிக்கும் நாட்டுக் கோர்ட்டில் பிள்ளையை வெளியே கொண்டுபோகக் கூடாதென்று உத்தரவு வாங்க வேண்டும். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பாஸ்போர்ட், போட்டோ ஆகியவற்றின் நகல்களைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலானால், பிள்ளை பேரால் அந்நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் வந்தால் தெரிவிக்கும்படி, அந்த சர்க்காரிடமே பதிந்துவைக்கலாம்.

கொண்டுபோன பின் என்ன வழி? 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பியனுப்பி, யாரிடம் வளர்வதென்பதை அந்நாட்டுக் கோர்ட்டே தீர்மானிக்கட்டும் என்று 1980இல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு வருஷத்திற்குள் மனுச் செய்தால் வழக்குப் பலமாயிருக்கும். 100க்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. இலங்கை 2001இலும், ஜப்பான் 2014இலும் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை. சேரச் சொல்லி 2009இலேயே சட்டக் கமிஷன் சிபாரிசு செய்தும் பயனில்லை. ஆகவே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைக்காக ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டு அலைய வேண்டியிருக்கிறது. அந்நிய நாட்டு உத்தரவைக் காட்டினாலும், அது கவனிக்க வேண்டியவற்றுள் ஒன்றுதான், பிள்ளையின் நலனே முக்கியம் என்று 2017இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

சேர்ந்தால், அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்த பெண்ணின் கதி என்னவென்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. ஆனால் பிள்ளைக்குக் கடுமையான ஆபத்து நேருமானால் திருப்பியனுப்ப மறுக்கலாமென்று அந்த ஒப்பந்தத்தின் 13ஆவது பிரிவே சொல்லுகிறது. தாயை அடிப்பதும் பிள்ளைக்கு ஆபத்தே என்று நமது சட்டத்தில் தெளிவாக எழுதிவைத்து, தாராளமாய்ச் சேரலாமே! பெண்ணைக் காக்க மனமுள்ளவர்கள் செய்யவேண்டியது அதுவேயன்றி, பிள்ளையைக் கொண்டுவந்தவர் எவராயினும் அவருக்கு நாட்டைப் புகலிடமாக்குவதல்ல.

பிள்ளை தகப்பன் சொத்துமல்ல, தாய் சொத்துமல்ல. அது ஒரு தனி மனித ஜீவன். இருவரிடமும் அன்பு பெறும் உரிமை அதனுடையது. இதைப் பெற்றோரும் சர்க்காரும் யோசித்துப் பார்ப்பார்களாக!