அப்பா இந்தியர், அம்மா அகதி, பையன் யார்?

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த வேலை, மனு எழுதிக் கொடுப்பது. சித்தேரியிலிருந்து அரூருக்குப் பஸ் ஏறுவதற்குள் யாராவது ஒருவர் காகிதத்தோடு வந்து நிற்பார். சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று எதுவாக இருந்தாலும் அலைந்து திரிந்தால் ஏதோ ஒரு வழி கிடைத்துவிடும். எவ்வளவு அலைந்தாலும் வழி கிடைக்காத மனு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எனக்குத் தெரிந்த குடும்பம். கணவர் மலையடிவாரத்துக்காரர். மனைவி இலங்கைத் தமிழ்ப் பெண். 1990இல் ஐந்து வயதுக் குழந்தையாகத் தாயின் மடியில் படகேறி ராமேஸ்வரம் வந்தவர். மண்டபத்தில் பதிவு செய்து, எங்கள் மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். 2007இல் கல்யாணம், அடுத்த வருடம் பையன். இப்போது அவன் பிளஸ் டூ. மனைவிக்குக் குடியுரிமை கேட்டு அவர்கள் போன அலுவலகத்தில், "கள்ளத்தோணியில் வந்தவங்களுக்கு இதெல்லாம் கிடையாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்ன விதம் தப்பு. ஆனால் சட்டம் அதைத்தான் சொல்கிறது. என் கோபம் அந்தச் சட்டத்தின் மேல்.

வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் நம் நாட்டில் என்ன வழி? பாஸ்போர்ட், விசாவோடு வந்தவருக்கு வழி இருக்கிறது. கல்யாணத்தைப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆனால், ஒருசில நாட்டவர் தவிர மற்றவர்கள் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஏழு வருடம் இங்கேயே வசித்தால், குடியுரிமைச் சட்டம் 5(1)(சி) பிரிவில் குடியுரிமையே கேட்கலாம். 1955இல் சட்டம் வந்தபோது இந்தியரை மணந்த பெண்ணுக்கு இந்த வருடக் கணக்கே கிடையாது. 1986இல் ஐந்து வருடம் என்றார்கள். 2003 திருத்தத்தில் அதை ஏழாக்கினார்கள். அதுகூடப் பரவாயில்லை. அதே திருத்தத்தில் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' விண்ணப்பிக்கவே முடியாது என்று ஒரு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

குண்டுக்குப் பயந்து இரவில் படகேறியவள் எந்த அலுவலகத்தில் விசா வாங்கியிருப்பாள்? திருட்டுத்தனமாக ஒளிந்து வாழ்ந்தாளா? இறங்கிய அன்றே பெயர் எழுதி, அட்டை கொடுத்து, முகாமில் வீடு ஒதுக்கி, பணக்கொடையும் அரிசியும் கொடுத்தது அரசாங்கம். முப்பத்தைந்து வருடமாகத் தலையை எண்ணியதும் அதே அரசாங்கம்தான். கை நீட்டி வரவேற்றுவிட்டு, கல்யாணமாகிக் குடும்பமான பிறகு "நீ சட்டவிரோதம்" என்பது எந்த ஊர் நியாயம்?

இதைவிடக் கொடுமை பிள்ளைகள் விஷயம். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். அதனால்தான் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். ஆனால் 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் பிள்ளைக்கு ஒருவர் இந்தியராக இருப்பது போதாது. இன்னொருவர் 'சட்டவிரோதமாகக் குடியேறியவராக' இருக்கவும் கூடாது. ஆக, தகப்பன் தவறாமல் ஓட்டுப் போடுகிறார், அவர் பெற்ற பிள்ளைக்கு ஓட்டு இல்லை. பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலையும் இல்லை. அவன் செய்த குற்றம் என்ன? அம்மா வயிற்றில் பிறந்ததா?

"பொய்க் கல்யாணம் பண்ணிக் குடியுரிமை வாங்கிவிடுவார்களே" என்பார்கள். அதற்குத்தான் ஏழு வருட விதியும் போலீஸ் விசாரணையும் இருக்கின்றன. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் பொங்கித் தின்று பிள்ளை வளர்த்ததா பொய்? "இலங்கைக்குப் போய் பாஸ்போர்ட், விசா வாங்கிக்கொண்டு முறையாகத் திரும்பி வரட்டுமே" என்பவர்களும் உண்டு. ஐந்து வயதில் விட்டு வந்த ஊரில் யார் வீட்டில் போய்த் தங்குவாள்? விசா கிடைக்கும் வரை இங்கே சோறு பொங்குவது யார்?

செய்ய மனமிருந்தால் ஒரு வரியில் செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தவரை அந்தக் கணக்கிலிருந்து விலக்கியது 2019 திருத்தச் சட்டம். இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025இல், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். நல்லது. ஜெயிலில் போடமாட்டோம் என்கிறார்கள், குடும்பத்தில் சேர்க்கமாட்டோம் என்கிறார்கள். 2021இல் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அதுவும் நல்லதுதான். ஆனால் குடியுரிமை கொடுப்பது டெல்லியின் கையில்.

அரசாங்கமே பதிவு செய்து அட்டை கொடுத்த அகதியை, இந்தியரை மணந்திருந்தால், 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்று கருதக் கூடாது. அவர்கள் பெற்ற பிள்ளை பிறப்பால் இந்தியன். இவ்வளவுதான் கேட்கிறோம். அடுத்த முறை எம்.பி. ஓட்டுக் கேட்டு மலையேறி வந்தால் ரோடு, பஸ், ஆஸ்பத்திரியோடு இதையும் கேளுங்கள். அந்தப் பையனால் கேட்க முடியாது, அவனுக்குத்தான் ஓட்டு இல்லையே.