பெயர் தேடலில் ஒழுங்கு வேண்டும்

வலைப்பின்னலில் இணைந்த கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதரோ பெயர்களையே நினைவிற் கொள்கின்றனர். இவ்விரண்டையும் பொருத்தும் ஏற்பாடு பழுதுபடின், கம்பியும் இயந்திரமும் செம்மையாக இருந்தும் வேலை நின்றுவிடும். அவ்வேளையில் கம்பியைக் கழற்றி மாட்டுவது காலத்தை வீணாக்குவதேயாகும்.

லினக்ஸ் இயந்திரத்தில் பெயரை எங்கெங்கு, எவ்வரிசையில் தேடவேண்டும் என்பதை ‘என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்’ என்னும் கோப்பு விதிக்கிறது. பெரும்பாலும் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பு முதலிலும், டி.என்.எஸ். சேவை பின்னரும் வரும். சோதனைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எண்ணைக் கொண்டே ‘பிங்’ செய்க. விடை வருமாயின் பாதையில் குறையில்லை. அடுத்து, அப்பெயருக்கு இயந்திரம் எந்த எண்ணைக் கொள்கிறது என்பதைக் ‘கெட்என்ட்’ கட்டளையால் அறிக. பின்னர், அலுவலக டி.என்.எஸ். சேவைப்பொறியை ‘டிக்’ கட்டளையால் நேரே வினவுக. இரு விடைகளும் மாறுபடின், முதலில் ஐயுறத்தக்கது ஹோஸ்ட்ஸ் கோப்பேயாகும். விடை சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் சுமார் 5 விநாடி தாமதித்தால், ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பில் முதலாவதாகக் குறித்த சேவைப்பொறி செயலற்றிருக்கக் கூடும்.

குறையைக் காணாமலே ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, வேலை முடிந்ததெனச் செல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. இது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. பின்னொரு நாள் சேவைப்பொறியின் எண் மாறும்போது, மறந்துபோன அவ்வரி பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். அடுத்து வரும் ஊழியர் காரணம் தெரியாது திகைப்பார். அர்ப்பாநெட்டின் பெயர்கள் யாவும் ஒருகாலத்தில் ஒரே கோப்பிற் பேணப்பட்டன. வலைப்பின்னல் வளர்ந்தபோது அம்முறை ஈடுகொடுக்க இயலாமையாலேயே 1983-இல் பால் மொகாபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வகுத்தளித்தார். அன்று இருந்தது ஒரு பொதுப் பட்டியலேனும் ஆகும். இன்று இயந்திரந்தோறும் வெவ்வேறு பட்டியல் வைப்பது அதனினும் பின்னடைவன்றோ?

டி.என்.எஸ். இல்லாத சிறு பள்ளி ஆய்வுக்கூடத்திற்கு ஹோஸ்ட்ஸ் கோப்பு பொருத்தமானதே. ஆயினும், சேர்த்த வரியின் அருகே தேதியையும் காரணத்தையும் குறித்தல் இன்றியமையாதது. ரிசால்வ்.கான்ஃப் கோப்பையோ பல இயந்திரங்களில் வேறு நிரல்கள் தாமே திருத்தி எழுதுகின்றன. கையால் செய்த மாற்றம் அங்கே நிலைக்காது. அந்நிரலின் அமைப்பிலேயே திருத்தம் செய்யவேண்டும்.

ஆசிரியர்கள் கட்டளைகளை மட்டும் மனனம் செய்விப்பது போதாது; தேடலின் வரிசையையும் கற்பித்தல் வேண்டும். வரிசையை அறிந்தவர்க்கே குறை எந்தப் படியில் உள்ளதென்பது புலனாகும்.